கழிசலின் இரண்டாவது ஆல்பம்

லோகநாயகிக்குச் சம்பளமே மெல்லப் பேசுவதற்குத்தான்.

சிதம்பரம் மேல வீதியில் காது கேட்கும் கருவி விற்கும் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. கருவியைப் பொருத்தியதும் வந்தவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைப்பாள். பிறகு அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "காலையில என்ன டிபன் சாப்பிட்டீங்க?" என்று கேட்பாள். கிசுகிசுப்புக்கு ஒரு படி மேலே, பேச்சுக்கு ஒரு படி கீழே நிற்கிற குரல். மகன், மருமகள், பால்காரன் எல்லோரிடமும் வருஷக்கணக்கில் கத்தல் வாங்கியே பழகிப்போன பெரியவர், யாரோ தன்னிடம் திடீரென்று மரியாதையாகப் பேசுவதைக் கேட்டுத் திகைத்துப்போவார். "பொங்கலும்மா" என்று பதில் சொல்லும்போது சிலருக்குக் கண் கலங்கிவிடும். கருவி விற்றுவிடும். காது கேட்காதவர்களிடம் கத்தாமல் இருப்பதுதான் அந்தக் கடையின் வியாபார ரகசியம்.

இதே லோகநாயகி, கடலூரில் இருக்கும் ஒரே பங்க் ராக் குழுவின் பாடகி. ஒரே குழு என்று பெருமைக்குச் சொல்லவில்லை. இன்னொன்று இருந்திருந்தால் இவர்கள் அவ்வப்போது டிரம்ஸையாவது இரவல் வாங்கியிருக்கலாம்.

பங்க் ராக் என்பது கிடாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தவன் மேடையேறிவிடலாம், நான்காவது தெரிந்தவனைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்கிற வகைச் சங்கீதம். வேகமாக வாசித்து, கோபமாகக் கத்தி, இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அது கடலூருக்கு வந்தது சுனாமியின் வழியாக. நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி பிஸ்கட்டையும் நாலைந்து சிடிக்களையும் முதுநகரில் ஒரு சர்ச்சில் விட்டுவிட்டுப் போனார். பிஸ்கட் அன்றைக்கே தீர்ந்தது. சிடிக்களைத் தேவசகாயம் என்ற பையன் எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கிடார் வாசிக்கிறவன். கர்த்தருக்கு வாசிக்கிற அதே மூன்று கார்டுதான் இதற்கும் என்று கண்டுபிடித்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. இன்றுவரை அந்த அதிர்ச்சியிலிருந்து அவன் மீளவில்லை.

டிரம்ஸுக்குச் சிங்காரம் வந்தான். தேவனாம்பட்டினத்துக்காரன், விசைப்படகு ஓட்டுகிறவன், லோகநாயகிக்கு அத்தை மகன். இரவும் பகலும் இன்ஜின் சத்தத்திலேயே கிடந்தவன் என்பதால் தாளம் தப்பாது, நிற்கவும் நிற்காது. குரலுக்கு ஆள் தேடி அவர்கள் எங்கும் அலையவில்லை. லோகநாயகியின் அம்மா சின்னப்பிள்ளை துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். காலேஜ் லீவு நாட்களில் அம்மாவுக்குப் பதில் மகள் நிற்பாள். ஐஸ் உடைக்கிற மெஷின், டீசல் லாரி, காக்கை, கமிஷன்காரர்கள் என்று எல்லாச் சத்தத்தையும் ஏறி மிதித்துக்கொண்டு போய், கடைசி வரிசையில் பீடி பற்றவைக்கிறவன் காதில் விலையை இறக்குகிற குரல் அவளுக்கு. தேவா ஒரு நாள் சங்கரா மீன் வாங்கப் போய், மீன் வாங்காமல் திரும்பி வந்து, "மச்சான், ஆள் கெடைச்சிடுச்சி" என்று சிங்காரத்திடம் சொன்னான்.

வலையில் வந்து விழும் விலைபோகாத பொடி மீனுக்குத் துறைமுகத்தில் கழிசல் என்று பெயர். அதையே குழுவுக்கு வைத்தார்கள். அந்தப் பொடி மீன் கடைசியில் போய்ச் சேருகிற இடத்தின் பெயரை, 'கோழித்தீவனம்' என்று, முதல் ஆல்பத்துக்கு வைத்தார்கள். அதில் ஒரு பாட்டு மீன் கமிஷன்காரர்களை நாறடிக்கிற பாட்டு. துறைமுகத்தில் அதை முதலில் ரிங்டோனாக வைத்துக்கொண்டவர்கள் கமிஷன்காரர்கள்தான். ஒருவர் தன் பேத்தி காதுகுத்துக்கு ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, மறுநாள் சின்னப்பிள்ளையிடம், "உம் பொண்ணு நம்மளப் பத்திப் பாடியிருக்கு, சும்மா சொல்லக் கூடாது" என்று நெகிழ்ந்தார். திட்டு வாங்கியவர்களே தாம்பூலத்தோடு ஏற்றுக்கொண்டுவிட்டால் கலகக்காரன் வேறு என்னதான் செய்வான்? குழு அத்தோடு அமைதியாகிவிட்டது.

அந்த ஆல்பம் வந்து எட்டு வருஷம். நடுவில் லோகநாயகிக்குக் கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தாள். கணவன் ராஜவேல் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுக்கிறவன், நாய்களைத் தவிர எல்லோருக்கும் பிடித்தமானவன். வாழ்க்கையில் குறை சொல்ல எதுவும் இல்லை. பாடகியைப் பொறுத்தவரை அதுவே ஒரு குறை என்று தேவா போனில் சிரிப்பான்.

பஸ்ஸில் வரும்போது எப்போதாவது காதில் இயர்போனைச் செருகி அந்தப் பழைய பாட்டுகளைக் கேட்பாள். வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒரு தங்கச்சியின் குரலைக் கேட்பதுபோல இருக்கும். நன்றாக இருக்கிறாளா, சாப்பிட்டாளா என்று விசாரிக்கத் தோன்றும். இருபத்து மூன்று வயதில் அந்தக் குரல் ஒரு பொருள் என்றே அவளுக்குத் தெரியாது. தொலைகிற பொருள் என்று தெரிய, தொலைய வேண்டியிருந்தது.

ஏப்ரல் கடைசியில் தேவா கூப்பிட்டான்.

"லோகா, மஸ்கட் விசா வந்துடுச்சி. ஜூன் மாசம் ஃப்ளைட்டு. ஸ்டோர் கீப்பர் வேல."

"சந்தோஷம் தேவா."

"சந்தோஷத்த அப்புறம் படலாம். ரெண்டாவது ஆல்பத்த முடிச்சிட்டுத்தான் ஏறுவேன். ஒம்போது பாட்டு வச்சிருக்கேன். சிங்காரம் போட்டும் கரையில கட்டிக் கெடக்கு. நீ மே மாசத்துலேருந்து ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துடு."

"வர்றேன்" என்றாள். போனை வைத்த பிறகுதான், தான் கத்தி ஆறு வருஷமாகிறது என்பது ஞாபகம் வந்தது.

கழிசல் குழு தடைக்காலத்தில் மட்டும்தான் இயங்கும். சித்திரை தொடங்கி வைகாசி முடிகிற வரை மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதம் சிங்காரம் சும்மா இருப்பான். அவன் மட்டுமல்ல, பஞ்சநாதனின் ஐஸ் கம்பெனியும் சும்மா கிடக்கும். ஐஸ் கட்டிகளை அடுக்கிவைக்கிற அறையின் சுவர் முழுக்கத் தெர்மோகோல், மேலே தகரம், ஒரு சாண் கனத்தில் கதவு. குளிரை உள்ளே பிடித்துவைக்கக் கட்டிய அறை சத்தத்தையும் அதேபோல் பிடித்துவைக்கும் என்பதைத் தேவா முதல் ஆல்பத்தின்போதே கண்டுபிடித்திருந்தான். சென்னையில் லட்சம் செலவழித்துக் கட்டுகிற ஸ்டூடியோவைவிட நல்ல ஸ்டூடியோ. அக்னி நட்சத்திரத்தில் உள்ளே உட்கார்ந்தால் உயிர் போய்விடும் என்பது ஒன்றுதான் குறை. ஐஸ் அறையில் வெந்துகொண்டே வாசிப்பார்கள்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு தடவை கத்திப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, புதுப் பாட்டு ஒன்றின் முதல் வரியை எடுத்தாள்.

"எங்கடா என் பங்கு."

ராஜவேல் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டான். அடுத்த தெரு நாய் குரைத்தது. குரல் சரியாக வந்ததா என்று யோசிப்பதற்குள் மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா தமிழ்ச்செல்வி இறங்கி வந்துவிட்டார். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். ராஜவேலை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, உங்கள நான் நல்ல பையன்னு நெனச்சிருந்தேன்."

"அம்மா, அவ பாட்டு பாடுறாம்மா."

"பாட்டு நானும் கேட்டிருக்கேன் தம்பி." லோகநாயகியைத் தனியே அழைத்துப்போய்த் தணிந்த குரலில், "எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லும்மா. பங்குன்னு எதோ கேட்டியே, குடுக்க மாட்டேங்குறாரா?" என்றார்.

அடுத்த வாரம் முழுக்கத் தெருவில் ராஜவேலைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிட்டது. கரப்பான்பூச்சியைத் தாளில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிறவன் அவன்.

"இனிமே நீ கத்துறப்ப நான் போயி வாசல்ல நிக்கிறேன், நாயகி. நாலு பேரு பாக்கட்டும்" என்றான்.

"நீங்க வாசல்ல நின்னா, உள்ள வேற எவனோ இருக்கான்னு சொல்லுவாங்க."

கடைசியில் அவனே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிச்சாவரம் போகிற சாலையில், ஆள் அரவமில்லாத ஒரு வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினான். லோகநாயகி வானத்தைப் பார்த்து, "எங்கடா" என்று ஆரம்பித்தாள். சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்று, "எங்கம்மா போவணும்?" என்றார். அவர் சொல்லி முடிக்கிறவரை பரங்கிப்பேட்டைக்கு வழி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

வண்டியில் திரும்பும்போது அவள் ராஜவேலின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு, "போயிடுச்சிங்க" என்றாள்.

"என்ன போயிடுச்சி?"

"ஒன்னுமில்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

மே மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் தேவாவும் சிங்காரமும் ஒன்பது பாட்டுக்கும் கிடாரையும் டிரம்ஸையும் வாசித்து முடித்துவிட்டார்கள். சட்டையில்லாமல், ஆளுக்கொரு குடம் தண்ணீர் குடித்து, கதவைத் திறந்து வெளியே வந்து விழுந்து, மறுபடி உள்ளே போய் வாசித்தார்கள். வாசிப்பில் முன்பைவிட நிதானம் கூடியிருந்தது. ஆனால் இருவருமே அதை ஒரு தேர்ச்சி என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டார்கள். இனிமேல் அவள் பாட வேண்டியதுதான் பாக்கி.

முதல் தடவை பாடி முடித்தபோது தேவா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டான். "நல்லாத்தான் இருக்கு."

"நல்லாருக்குன்னு சொல்றியே, அதான் மச்சான் பிரச்சன" என்றான் சிங்காரம்.

"என்ன மாமா, நேரா சொல்லுங்க."

"ஏ லோகு, நீ பாட்டுல ஊரையே நிக்க வச்சி கேள்வி கேக்குற. சத்தம்லாம் ஜாஸ்தியாத்தான் இருக்கு. ஆனா கேட்டு முடிச்சதும், 'தொந்தரவுக்கு மன்னிச்சிக்குங்க, அப்புறமா வர்றேன்'னு சொல்லிட்டுக் கெளம்புற மாதிரி இருக்கு."

தேவா சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், மற்ற இருவரையும்விடச் சற்று அதிக நேரம். சிங்காரம் சொன்னது உண்மை என்பது பதிவைக் கேட்டபோது தெரிந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் தானாகவே ஒரு படி இறங்கி, எதிரில் இருப்பவருக்கு உட்கார இடம் போட்டது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறு தொண்டை கட்டி, அதுவும் இல்லை.

அன்று மத்தியானம் அம்மா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. தடைக்காலத்தில் மீன்காரர்கள் வீட்டில்தான் மீன் இருக்காது. சின்னப்பிள்ளை சோற்றைப் போட்டுக்கொண்டே, "செவுடங்க கிட்ட போயி ரகசியம் பேசுறதுக்கு மாசமானா சம்பளம். இத வெளிய சொன்னா எவளும் நம்ப மாட்டேங்குறா" என்றாள்.

"நீ எப்படிம்மா கத்துன அவ்வளவு வருஷம்?"

"என்னைக் கேட்டா? மீன் நாறிடும்னு கத்துனேன். நீ இன்னாத்துக்கு கத்தணும்? கொழம்பு ஊத்திக்க."

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு இருந்தது. தடைக்காலம் முடிவதற்கு முன் கடைசி ஞாயிறு. அதற்குப் பிறகு ஐஸ் அறை கிடைக்காது, அந்த வாரமே தேவாவும் மைக், லேப்டாப் சகிதம் விமானம் ஏறிவிடுவான். ஒன்பது பாட்டையும் அன்றைக்கே முடித்துவிடுவது என்று முடிவாயிற்று. வாரம் முழுக்க லோகநாயகி தொண்டைக்கு வெந்நீர் குடித்தாள். கடையில் ஒரு பெரியவரிடம் டிபன் கேட்கும்போது குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் அழகாக, தாழ்வாக வந்தது. அவளுக்கு அதைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. "இட்லிம்மா, சாம்பார் மட்டும் கொஞ்சம் உப்பு" என்றார் அவர்.

அந்த ஞாயிறு காலை பஸ்ஸை விட்டிறங்கித் துறைமுகச் சாலையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

தடை நீங்கும் அன்றே நூற்றுக்கணக்கில் படகுகள் கிளம்பும், அத்தனைக்கும் ஐஸ் வேண்டும், ஐஸ் ஒரே நாளில் உறைந்துவிடாது, ஆகவே கம்பெனியை முன்கூட்டியே ஓட்டியாக வேண்டும். இது துறைமுகத்தில் பூனைக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். தேவாவுக்குத் தெரியும், லோகநாயகிக்குத் தெரியும், சிங்காரத்துக்கு மற்ற இருவரையும்விட நன்றாகத் தெரியும். முதல் லோடு ஐஸ் என் படகுக்குத்தான் என்று போன வாரமே பஞ்சநாதனிடம் சொல்லிவைத்தவன் அவன். ஐஸுக்குச் சொன்ன சிங்காரமும் டிரம்ஸ் வாசிக்கிற சிங்காரமும் நடுவில் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

"எல்லாம் என் வாயால கெட்டுது" என்று அவன் மீன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான்.

அறையில் பாதிக்கு மேல் ஐஸ் பாளங்கள் அடுக்கியாகிவிட்டது. தேவா மீதியிடத்தில் மைக்கை நிறுத்திவிட்டு, குளிர் போகாமல் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான். வெளியே மனிதர்கள் போடும் கூச்சல் எதையும் அந்தக் கதவு உள்ளே விடாது. ஆனால் கம்ப்ரசர் இருப்பது அதே சுவரை ஒட்டி, அதே தரையில். அதன் அதிர்வு மைக்கின் காலைப் பிடித்து ஏறிவிடும். அது நின்றால்தான் பாட்டு.

முற்றத்தில் கூட்டம் இருந்தது. ஐஸுக்குச் சொல்லிவைக்க வந்த படகுக்காரர்கள், அவர்களோடு வந்தவர்கள், இரண்டு மாதமாக வேலையில்லாமல் எதையாவது வேடிக்கை பார்க்கக் காத்திருந்தவர்கள். நடுவில் பஞ்சநாதன். அறுபதைத் தாண்டிய கனத்த மனிதர். அவர் வீடும் சின்னப்பிள்ளை வீடும் ஒரே சந்து.

"சித்தப்பா, கொஞ்ச நேரம் அத நிறுத்தி வைக்க முடியுங்களா" என்றாள் லோகநாயகி.

"என்னா?"

"கொஞ்ச நேரம் நிறுத்தினா போதும் சித்தப்பா."

பஞ்சநாதன் காதருகே கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார். "ஒன்னும் கேக்கல பாப்பா. காதுக்கு மெஷின் விக்கிறியே, வர்றப்ப எனக்கு ஒன்னு கொண்டாந்திருக்கலாம்ல?"

கூட்டம் சிரித்தது. சிங்காரமும் எழுந்து வந்து விஷயத்தைச் சொன்னான். பஞ்சநாதன் தலையை ஆட்டினார். "ஓடுற மெஷின நிறுத்தித் திரும்ப ஏத்துறதுக்குள்ள தாவு தீந்துடும். வேணும்னா அஞ்சு நிமிஷம் தர்றேன். சாமி கும்புட்டமாதிரி ஒரு பாட்டப் பாடிட்டுப் போயிடுங்க."

லோகநாயகி, சிங்காரம் உட்கார்ந்திருந்த பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள்.

"அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசம், பஞ்சநாதன் கம்பெனி அஞ்சு நிமிசம், யாருப்பா மேல."

கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது இருப்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சாலையில் போன லாரி ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவன் கை ஊசியோடு எழுந்து நின்று, யோசிக்காமல், பழக்கத்தில், "பத்து" என்றான்.

"பத்தாம் பத்து, பத்து நிமிசத்துல டீ ஆறாது, வலக்காரன் கேட்டுட்டான், போட்டுக்காரனுக்கு வாயி இல்லியா, பத்துக்கு மேல யாரு."

"பதினஞ்சு."

"ஏய், என் மெஷின எவன்டா ஏலம் வுடச் சொன்னது?" என்றார் பஞ்சநாதன்.

"தரையில கொட்டுன மீனத் திரும்ப அள்ள முடியாது சித்தப்பா. அஞ்சுன்னு கொட்டுனது நீங்க. பதினஞ்சு, பதினஞ்சு, பதினஞ்சு, மீச வச்ச ஆளுங்க எல்லாம் பதினஞ்சுலயே நிக்குது, அங்க செவுத்துல சாஞ்சிருக்கிற மாமா, உங்கள இன்னாத்துக்கு வீட்ல சோறு போட்டு அனுப்புனாங்க."

சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "இருவது."

அவள் எந்த வார்த்தையையும் யோசிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் எங்கும் இடிக்காமல், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது அது. கரடுமுரடான, வெட்கமில்லாத, யாருக்கும் உட்கார இடம் போடாத குரல். அவளுக்கே அடையாளம் தெரிந்தது. நடுவில் ஒரு மூச்சு இழுக்கும்போது, 'அட, நீயா' என்று நினைத்தாள். நினைக்கவும் நேரம் இல்லை.

"அரை மணி" என்றான் சிங்காரம் கடைசியில், கையைத் துடைத்துக்கொண்டு. "என் ஐஸுதான லேட்டாவும். ஆவட்டும்."

"அரை மணி ஒரு தரம். அரை மணி ரெண்டு தரம்." அவள் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "அரை மணி மூணு தரம்."

அந்தத் துறைமுகத்தில் மூன்று தரம் சொல்லி முடிந்துவிட்டால் பெற்ற அப்பனே வந்தாலும் மாற்ற முடியாது. சட்டம் ஒன்றும் இல்லை. மாற்றினவனின் சரக்குக்கு மறுநாள் முன்னால் வந்து நிற்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். பஞ்சநாதன் உள்ளே போய்க் கம்ப்ரசரை நிறுத்தினார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். தேவா மஃப்ளரும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்தான்.

"எப்படி லோகா நிறுத்துனாரு?"

"ஏலத்துல எடுத்தேன். சீக்கிரம் ஆரம்பி."

இரண்டு நிமிஷப் பாட்டுகள் ஒன்பது. ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் பாட முடியும். முதல் பாட்டின் டிரம்ஸ் காதில் விழுந்ததும் வாயைத் திறந்தாள். சற்று முன் முற்றத்தில் இருந்த குரல், கோயிலுக்கு வெளியே கழற்றிவிட்ட செருப்பைப்போல, கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை காய்ந்திருந்தது. வியர்வையில் நனைந்த ரவிக்கையில் ஐஸின் குளிர் ஏறியது. பல் தந்தியடித்தது. வந்ததெல்லாம் ஒரு சின்னக் குரல், தணிந்து, உதறிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நிறுத்தித் திரும்பப் பாட நேரமில்லை. தேவா கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஒன்பதாவது பாட்டு முடிந்து அவள் கடைசி வார்த்தையை விடும்போது, தரை மெல்ல நடுங்கத் தொடங்கியது. பஞ்சநாதன் கணக்கில் கெட்டிக்காரர்.

ஆல்பம் ஆகஸ்டில் வந்தது. தேவா மஸ்கட்டில் ஒரு கன்டெய்னர் அறையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்து இணையத்தில் ஏற்றினான். பெயர் 'தடைக்காலம்'. சென்னையிலிருந்து நடக்கும் இணைய இதழ் ஒன்று, கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் இருக்கிற துணிச்சல், பனிக்கட்டியைப் போல நடுங்குகிற கோபம் என்றெல்லாம் எழுதியிருந்தது. விமர்சகர் ஐஸைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டதில் சிங்காரத்துக்கு ஆச்சரியம். முதல் ஆல்பத்தைக் கேட்டவர்களைப்போலப் பல மடங்கு பேர் கேட்டார்கள். தமிழ்ச்செல்வி அம்மாகூடக் கேட்டுவிட்டு, "இப்படி பதவிசா பாடத் தெரிஞ்சவ அன்னிக்கு ஏம்மா அப்படிப் பண்ண?" என்றார். ராஜவேலின் மீதிருந்த பழி அன்றோடு நீங்கியது.

லோகநாயகி ஒருமுறை முழுக்கக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

"அன்னிக்கு உள்ள இருந்தியே தேவா, வெளிய நடந்தது உனக்கு எதுவுமே கேக்கலியா?" என்று போனில் கேட்டாள்.

"சுத்தமா கேக்கல லோகா. நல்ல கதவு அது."

முற்றத்தில் ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்திருந்தான். அது ஊரின் வாட்ஸாப் குழுக்களில் சுற்றி, ராஜவேலின் அலுவலகம்வரை வந்தது. பெட்டியின் மேல் நிற்கிறாள், கை வீசுகிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது, வாய் திறந்து திறந்து மூடுகிறது. ஆரம்பம் முதல் கடைசிவரை கேட்பது கம்ப்ரசர் மட்டும். போன் வைத்திருந்தவன் நின்றது அதன் பக்கத்தில்.

சிங்காரத்திடம் கேட்டால், கடலுக்குப் போகிற அவசரத்தில், "யம்மா, என்னா கத்து" என்பான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியாது. ஜெயித்தவர்கள் எதையும் விவரமாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அட்சரம் பிசகாமல் ஞாபகம் வைத்திருப்பவர் தோற்றுப்போன பஞ்சநாதன் ஒருவர்தான்.

அதனால் அம்மாவைப் பார்க்கக் கடலூர் வருகிற நாட்களில் லோகநாயகி ஐஸ் கம்பெனி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். கார்த்திகையில் ஒரு நாள் போனபோது பஞ்சநாதன் புதிதாக ஐஸுக்கு வந்த இரண்டு பேருக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார்.

"வா பாப்பா. இந்தா, இவதான். நானு அஞ்சு நிமிசம்னுதான்யா சொன்னேன். சொன்ன வாயக்கூட மூடல, இவ பொட்டி மேல ஏறிட்டா. ஏறி, அந்த... அஞ்சு நிமிசம் அஞ்சு நிமிசம்னு..."

அவருக்குக் குரல் எழும்பவில்லை. நடுவிலேயே உடைந்து இருமலாகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

"அப்புறம் சித்தப்பா?" என்றாள் லோகநாயகி.

"அப்புறம் இன்னா, இருவதுன்னான் ஒருத்தன். நீ அவன வுட்டியா? வுடல."

"அதுக்கு முன்னாடி அவரு செவுத்துல சாஞ்சிருந்தாருல்ல. அவர என்ன சொன்னேன்?"

"இன்னாத்துக்கு வீட்ல சோறு போட்டு அனுப்புனாங்கன்னு கேட்ட."

"எப்படிக் கேட்டேன்? கேட்ட மாதிரியே சொல்லுங்க."

பஞ்சநாதன் ஐஸ் ஏற்ற வந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.